தமிழில் ஒரே ‘இல்’, ஆங்கிலத்தில் மூன்று: இடத்தைச் சொல்ல இன்னா, ஆன்னா, அட்டா?

என் அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. பாட்டியைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனவன், டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும் மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினான்: ‘ஐ ஆம் இன் த ஹாஸ்பிடல். வில் கம் லேட்.’ இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்துவிட்டது. “என்ன ஆச்சுப்பா? ஆக்ஸிடென்டா? பக்கத்துல யார் இருக்கா?” என்று அந்த அம்மா பதறிவிட்டார். அமெரிக்காவில் பல வருடம் இருந்தவர் அவர். அங்கே அந்த வாக்கியத்தைக் கேட்டால், ‘என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பையன் சொல்ல நினைத்தது ‘அட் த ஹாஸ்பிடல்’.

மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. “பஸ் ஸ்டாப்புக்கு இன்னா, அட்டா?” “தெருவுக்கு ஆன்னு ஒருத்தர் சொல்றார், இன்னுனு இன்னொருத்தர் சொல்றார், எது சரி?” கேட்பவர்கள் படிக்காதவர்கள் அல்ல. கல்லூரி முடித்தவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர்கள். ஆங்கில இலக்கணத்தில் மற்றதெல்லாம் ஓரளவு பிடிபட்ட பிறகும் இந்த மூன்று சின்னச் சொற்கள் மட்டும் காலை வாரிவிடுகின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எப்போது எடுப்பது, எடுத்தால் எங்கே அடிவாங்குவோம் என்று பார்க்கலாம்.

## தேர்வு செய்யும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது. அந்த இடம் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? எல்லையோ சுவரோ சூழ்ந்த அடைப்பாகத் தெரிந்தால் இன். கால் பதிகிற, பொருள் ஒட்டுகிற பரப்பாகவோ நீளமான கோடாகவோ தெரிந்தால் ஆன். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற புள்ளியாகத் தெரிந்தால் அட்.

இரண்டாவது, கேட்பவர் அந்தத் தகவலை வைத்து என்ன செய்யப்போகிறார்? உங்களைத் தேடி வரப்போகிறாரா, நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டீர்களா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறாரா, கடிதம் அனுப்பப்போகிறாரா?

மூன்றாவது, நீங்கள் சொல்வது கட்டடத்தையா, அங்கே நடக்கும் காரியத்தையா? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சிறை, அலுவலகம் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

நான்காவது, எந்த ஊர் ஆங்கிலம்? லண்டனும் நியூயார்க்கும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. நம் ஊர் அரசு அலுவலக ஆங்கிலம் இரண்டோடும் ஒத்துப்போகாத பழைய வழக்கு ஒன்றை வைத்திருக்கிறது.

இந்த நான்கையும்விட என் வகுப்பில் அதிகம் உதவியது வேறொன்று: நம்முடைய தமிழ் வினைச்சொல். ‘இல்’ எல்லாவற்றுக்கும் பொதுவாக வருவதால் தமிழ் இந்த வேறுபாடுகளைக் காட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இடப்பொருளுக்கு மட்டும் நன்னூல் 28 உருபுகளைச் சொல்கிறது. கண், மேல், கீழ், உள், அகம், புறம், உழை என்று போகும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பதுதான் ‘இல்’. இன்றைய பேச்சில் ‘இல்’ பெரும்பாலான இடத்தைப் பிடித்துக்கொண்டது. வேறுபாடு மட்டும் எங்கேயும் போய்விடவில்லை, வினைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு சுவரைப் பாருங்கள். சுவரில் ஆணி அடித்திருக்கிறது. சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிறது. சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. சுவரில் பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்கிலும் ‘சுவரில்’தான். அடித்திருக்கிறதா, மாட்டியிருக்கிறதா என்று வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘இஸ்’ என்ற ஒரே வினை போதும், மாறுவது இன், ஆன், அட் போன்ற பிரிபோசிஷன். உள்ளே இறங்கிய ஆணியும் விரிசலும் ‘இன் த வால்’. மேலே ஒட்டிய காலண்டரும் பல்லியும் ‘ஆன் த வால்’. தமிழில் வினை செய்கிற வேலையை ஆங்கிலத்தில் அந்த இரண்டெழுத்துச் சொல் செய்கிறது. அதனால் ‘இல்’லைப் பார்த்து மொழிபெயர்த்தால் ஏமாறுவோம். வாக்கியத்தின் கடைசியில் இருக்கிற வினையைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

## இன்: ‘உள்ளே’ என்று சொன்னால் பொருந்துமா?

நமக்கு மிகவும் பழகியது இதுதான். ‘இல்’லுக்கும் ‘இன்’னுக்கும் ஒலியிலேயே நெருக்கம் இருப்பதால் வாய் தானாக அங்கே போகிறது. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அறை, பெட்டி, வரிசை, கூட்டம், புகைப்படம், செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் இன் சரி. வெயிலில், மழையில், நிழலில், இருட்டில் என்பவையும் இன்தான். வெயில் நம்மைச் சூழ்கிறது அல்லவா, அதனால் அதுவும் ஓர் அடைப்புதான்.

‘இல்’லுக்குப் பதில் ‘உள்ளே’ போட்டுப் பாருங்கள். ‘அறைக்குள்ளே இருக்கிறார்’ ஒட்டுகிறது. ‘மொட்டை மாடிக்குள்ளே துணி காய்கிறது’ ஒட்டவில்லை. அப்படியென்றால் ‘இன் த டெரஸ்’ தவறு. நம்மவர்கள் இடறும் முதல் இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். மொட்டை மாடிக்குச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இருந்தாலும் அது கால் பதிகிற தளம், ஆகவே ‘ஆன் த டெரஸ்’. மாடிகளும் அப்படியே: ‘ஆன் த செகண்ட் ஃப்ளோர்’. மாடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்கர் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ என்றால் நம் தரைத்தளம். பிரிபோசிஷன் சரியாக இருந்தும் ஒரு மாடி மேலே போய் நிற்க வாய்ப்புண்டு.

இன்னின் மறைமுகச் செலவு, அது சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடும் என்பது. ‘கல்யாணத்தில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்’ என்பதை ‘ஐ ஆம் இன் எ மேரேஜ்’ என்று அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அதன் பொருள் ‘நான் திருமண பந்தத்தில் இருக்கிறேன்’ என்பது. மண்டபத்தில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டியது ‘ஐ ஆம் அட் எ வெட்டிங்’. ஆஸ்பத்திரிக் கதையும் இதே வகைதான். ‘இன் ஜெயில்’ என்றால் கைதி. பார்க்கப் போனவரோ அங்கே வேலை பார்ப்பவரோ ‘அட் த ஜெயில்’.

## ஆன்: ‘மேலே’ அல்ல, ‘தொட்டுக்கொண்டு’

பள்ளியில் ஆன் என்றால் மேலே என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டியிருக்கும் பல்லியும் ‘ஆன் த சீலிங்’தான். அது எதற்கும் மேலே இல்லை. தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஒட்டி, படிந்து, மாட்டி, பதிந்து, கரையோரமாக என்று தமிழ் வினை வந்தால் ஆன் பக்கம் போங்கள். விரலில் மோதிரம் ஆன், நெற்றியில் விபூதி ஆன், பக்கம் 12இல் இருக்கும் படம் ஆன்.

கோடுகளுக்கும் இதே கணக்கு. ஆறு, கடற்கரை, எல்லை, நெடுஞ்சாலை எல்லாம் கோடுகள். காவிரிக் கரையில் இருக்கும் திருச்சி ‘ஆன் த காவேரி’. அதையே ‘இன் த காவேரி’ என்றால் ஊர் தண்ணீருக்குள் போய்விடும். தீவுகளுக்கும் ஆன்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் ‘ஆன் அன் ஐலண்ட்’. ராமேஸ்வரத்தில் இரண்டும் வரும்: ஊராகச் சொன்னால் ‘இன் ராமேஸ்வரம்’, தீவாகச் சொன்னால் ‘ஆன் பாம்பன் ஐலண்ட்’. இலங்கையும் ஒரு தீவுதானே என்று கேட்பார்கள். நாட்டின் பெயரைச் சொன்னதும் அது எல்லை கொண்ட தேசமாகிவிடுகிறது, ஆகவே ‘இன் ஸ்ரீலங்கா’. ‘தீவு’ என்ற சொல்லைப் போட்டால் மறுபடி ‘ஆன் த ஐலண்ட்’.

வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார், ஆட்டோ, டாக்ஸி, பரிசல் எல்லாம் இன். பேருந்து, ரயில், கப்பல், விமானம் எல்லாம் ஆன். சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை, யானை ஆன். உள்ளே எழுந்து நின்று நாலடி நடக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் ஆன். உடம்பை மடக்கி உட்கார மட்டும்தான் இடம் என்றால் இன். காலைப் போட்டு ஏறி உட்காருவது என்றால் மறுபடி ஆன். ‘ஆன் த பஸ்’ என்றால் கூரைமேல் உட்கார்ந்திருப்பதாக ஆகிவிடாதா என்று பயப்பட வேண்டாம். கூரையைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஆன் த ரூஃப் ஆஃப் த பஸ்’ என்று முழுதாகச் சொல்வார்கள். ‘இன் த பஸ்’, ‘இன் த ட்ரெயின்’ என்பதும் தவறில்லை. பயணத்தைவிட உட்புறத்தை நினைத்துச் சொன்னால், ‘பஸ்ஸுக்குள் ஒரே புழுக்கம்’ என்பதுபோல, அது பொருந்தும்.

ஆன்னின் செலவு சாப்பாட்டு மேசையில் தெரியும். ‘குழந்தை டேபிளில் சாப்பிடுது’ என்பதை ‘ஆன் த டேபிள்’ என்று சொன்னால் குழந்தை மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாற்காலி போட்டு மேசைமுன் உட்காருவது ‘அட் த டேபிள்’. தட்டு மட்டும் ‘ஆன் த டேபிள்’. மரமும் கொஞ்சம் விளையாடும். கிளையில் தொங்கும் மாங்காய் மரத்தின் பகுதி, ஆகவே ‘ஆன் த ட்ரீ’. இலைகளுக்கு நடுவே உட்கார்ந்த காக்கை வெளியிலிருந்து வந்தது, அது ‘இன் த ட்ரீ’.

## அட்: ‘-க்கு வந்திருக்கிறேன்’ என்றால் இதுதான்

நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும், தினசரிப் பேச்சில் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் அட். பஸ் ஸ்டாப், ரயில் நிலையம், தியேட்டர், கடை, வங்கி, திருமணம், கூட்டம், விருந்து, அடுத்தவர் வீடு எல்லாவற்றுக்கும் முதலில் இதை நினைத்துப் பாருங்கள்.

‘இருக்கிறேன்’ என்பதை எடுத்துவிட்டு ‘-க்கு வந்திருக்கிறேன்’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் அட். ‘படத்துக்கு வந்திருக்கேன்’, ‘கல்யாணத்துக்கு வந்திருக்கேன்’, ‘பேங்க்குக்கு வந்திருக்கேன்’, ‘டாக்டர்ட்ட வந்திருக்கேன்’ எல்லாமே அட். ‘ஆபீசுக்குப் போயிருக்கார்’ என்பதும் ‘ஹீ இஸ் அட் த ஆபீஸ்’. ஆஸ்பத்திரிக்கும் இந்தச் சோதனை அழகாக வேலை செய்யும். ‘ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன்’ என்றால் அட், ‘ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு’ என்றால் இன். ஊர்ப் பெயருக்கு மட்டும் இந்தச் சோதனையைப் போடாதீர்கள். ‘சென்னைக்கு வந்திருக்கேன்’ என்று தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் ‘இன் சென்னை’தான்.

மேல், கீழ், முனை என்று ஒரு பொருளின் குறிப்பிட்ட புள்ளியைச் சொல்லவும் அட் வரும். பக்கத்தின் அடியில் ‘அட் த பாட்டம்’, தெருக்கோடியில் ‘அட் த எண்ட்’. நடுவுக்கு மட்டும் இன்: ‘இன் த மிடில்’. நடு என்றாலே சுற்றி ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்.

அட் எதையும் திட்டமாகச் சொல்லாது, அதுதான் அதன் செலவு. உள்ளேயா, வாசலிலா, எதிர்க் கடையிலா என்று தெரியாது. சந்திக்கும் இடத்துக்கு அந்த மழுப்பல் போதும். அவசரத்தில் போதாது. ‘ஐ ஆம் அட் த லிஃப்ட்’ என்றால் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே நிற்கிறீர்கள். மின்சாரம் போய் உள்ளே மாட்டிக்கொண்டவர் ‘இன் த லிஃப்ட்’ என்று சொன்னால்தான் காவலாளி ஓடி வருவார்.

ஒரே இடத்துக்கு மூன்றும் என்ன படம் காட்டுகின்றன என்று சேர்த்துப் பார்ப்பது நல்லது:

| இடம் | இன் | ஆன் | அட் |
|---|---|---|---|
| கடல் | நீந்துகிறவர், மீன் | மிதக்கும் படகு | தொழிலுக்குப் போயிருக்கும் மீனவர் (‘த’ சேர்க்காமல் ‘அட் ஸீ’) |
| கடற்கரை | பொருந்தாது | மணலில் கால் பதித்தவர், கட்டுமரம் | குடும்பத்தோடு பொழுதுபோக்க வந்தவர் |
| மூலை, முனை | அறை மூலையில் நாற்காலி | தெருமுனை டீக்கடை | தெருமுனையில் சந்திப்பு |
| ஆஸ்பத்திரி | சேர்க்கப்பட்ட நோயாளி | பொருந்தாது | பார்க்க வந்தவர், டாக்டர், நர்ஸ் |
| மேசை | பொருந்தாது | தட்டு, புத்தகம் | உட்கார்ந்து சாப்பிடுகிறவர் |
| லிஃப்ட் | உள்ளே இருப்பவர் | பொருந்தாது | வெளியே காத்திருப்பவர் |

## ஒரு கோயிலை வைத்துப் பார்த்தால்

மதுரையில் இருப்பதால் வெளியூர் நண்பர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவது எனக்கு அடிக்கடி வரும் வேலை. உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் பிரிந்து போனால் எங்கே சேர்வது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘மீட் மீ அட் த டெம்பிள்’ என்றால் அட் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பயன் இல்லை. நான்கு திசையிலும் கோபுரம், நான்கு பக்கமும் வாசல். கிழக்கு வாசலில் நிற்கிறவரும் மேற்கு வாசலில் நிற்கிறவரும் ‘அட் த டெம்பிள்’தான்.

அட் போட்டால் புள்ளியைச் சின்னதாக்குங்கள்: ‘அட் த சவுத் டவர்’. தெற்குக் கோபுரம்தான் இருப்பதிலேயே உயரம், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். உள்ளே சேர்வதென்றால் இன் எடுங்கள்: ‘இன் த தவுசண்ட் பில்லர் ஹால்’. ஆயிரங்கால் மண்டபம் சுவரும் கூரையும் உள்ள அடைப்பு, தேடுகிறவர் ‘உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்’ என்று புரிந்துகொள்வார். பொற்றாமரைக் குளத்துக்கு இரண்டுமே ஆபத்து. ‘இன் த டேங்க்’ என்றால் தண்ணீருக்குள், ‘அட் த டேங்க்’ என்றால் நாலு கரையில் எந்தக் கரை என்று தெரியாது. நான் சொல்வது ‘ஆன் த ஸ்டெப்ஸ், சவுத் சைட்’. படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால், வருகிறவர் படியைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். கோயிலைவிட்டு வெளியே வந்தால் ‘ஆன் சவுத் சித்திரை ஸ்ட்ரீட்’, ஊரைச் சொன்னால் ‘இன் மதுரை’. ஒரே சுற்று வட்டாரம்தான். யார் எதற்காகத் தேடப்போகிறார் என்பதை நினைத்து எடுத்தால் எந்த இடத்திலும் இடறாது.

## ‘அட் மெட்ராஸ்’: பழைய வழக்கை என்ன செய்வது?

ஊருக்கு அட் போடக் கூடாது என்று நான் சொன்னதும், “அப்ப ஹைகோர்ட் பெயர்ப் பலகையில அட் மெட்ராஸ்னு போட்டிருக்கே?” என்று ஒரு வழக்கறிஞர் குமாஸ்தா கேட்டார். நல்ல கேள்வி. 1862இல் நிறுவப்பட்ட நம் உயர் நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘ஹைகோர்ட் ஆஃப் ஜூடிகேச்சர் அட் மெட்ராஸ்’. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஊரை வரைபடத்துப் புள்ளியாகப் பார்த்து அட் போடுவது சாதாரணம்.

அதற்கு நமக்கு மிகவும் நெருக்கமான சாட்சி ஒன்று இருக்கிறது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கணித மேதை ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் வாக்கியத்திலேயே நாம் பேசுகிற மூன்றும் வந்துவிடுகின்றன: போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்பதற்கு இன், மெட்ராஸுக்கு அட், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்பதற்கு ஆன். பிரிவு என்பது அவரைச் சூழ்ந்த அடைப்பு, அதில் அவர் ஓர் உறுப்பினர், ஆகவே இன். மெட்ராஸ் என்பது கடிதம் கிளம்பும் புள்ளி, ஆகவே அட். சம்பளத்தின் ஆன் இடத்தைச் சொல்வதல்ல, ஆனாலும் வாழ்க்கை அந்த இருபது பவுண்டின்மேல் நின்றது என்பதை அந்தச் சொல்லில் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்த வாக்கியத்தை வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து அதைத் திரும்பப் படிக்கச் சொல்வார்.

ஹார்டியும் அப்படித்தான் எழுதினார். லண்டனில் ராமானுஜன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது பார்க்கப் போனதைச் சொல்கிற இடத்தில், பட்னி என்ற பகுதிக்கு அட், தான் வந்த 1729 எண் டாக்ஸிக்கு இன். டாக்ஸி இன்றைக்கும் இன்தான். ஊர்தான் மாறிவிட்டது.

இன்றைக்கு எழுதுகிறவருக்கு என் முடிவு இது. ஊருக்கு, நகரத்துக்கு, நாட்டுக்குப் பொதுவாக இன். ராமானுஜன் பிறந்தது ‘இன் ஈரோடு’, வளர்ந்தது ‘இன் கும்பகோணம்’. அவர் வீடு ‘ஆன் சாரங்கபாணி சன்னிதி ஸ்ட்ரீட்’. வேலை பார்த்தது ‘அட் த போர்ட் டிரஸ்ட்’. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குப் போனது ‘ஆன் த நெவாசா’, அது கப்பல். படித்தது ‘அட் டிரினிட்டி காலேஜ்’. பத்திரத்திலும் மனுவிலும் ‘அட் சென்னை’ என்று அச்சடித்த படிவம் இருந்தால் அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், அது அந்தத் துறையின் வழக்கு. சொந்தமாக எழுதும் கடிதத்தில் மட்டும் அதைக் கொண்டுவர வேண்டாம்.

ஓர் இடத்தில் ஊர்ப் பெயரோடு அட் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘அட் கேம்பிரிட்ஜ்’ என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார் அல்லது வேலை பார்க்கிறார். ‘இன் கேம்பிரிட்ஜ்’ என்றால் அந்த ஊரில் இருக்கிறார், டீக்கடைகூட வைத்திருக்கலாம். இன்னொன்று, ரயில் நின்று போகிற ஊர். வண்டிக்கு ஊர் என்பது வழியில் ஒரு புள்ளிதான், அதனால் ‘த ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்’ சரி. அதே விழுப்புரத்தில் குடியிருப்பவர் ‘இன் விழுப்புரம்’.

## லண்டனா, நியூயார்க்கா

தெருவுக்குப் பிரிட்டிஷார் பெரும்பாலும் இன் சொல்வார்கள், அமெரிக்கர் ஆன். இரண்டும் சரி. தெருவைச் சுற்றி வீடுகள் நிற்பதாகப் பார்த்தால் அடைப்பு, நீளமாகப் போவதாகப் பார்த்தால் கோடு. நான் ஆன் என்றே சொல்லிக்கொடுக்கிறேன். ‘ரோடு’ என்று முடிகிற பெயர்களுக்கும் அது பொருந்தும், இரண்டு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கதவு எண் வந்துவிட்டால் விவாதமே இல்லை. எண் என்பது புள்ளி, ‘அட் 12, அண்ணா ஸ்ட்ரீட்’.

நோயாளியைச் சொல்லப் பிரிட்டிஷார் ‘இன் ஹாஸ்பிடல்’ என்று ‘த’ இல்லாமல் சொல்கிறார்கள், அமெரிக்கர் ‘இன் த ஹாஸ்பிடல்’ என்கிறார்கள். பள்ளி மாணவன் என்பதற்குப் பிரிட்டிஷார் ‘அட் ஸ்கூல்’, அமெரிக்கர் ‘இன் ஸ்கூல்’. நீங்கள் எழுதும் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அவர் வழியில் போங்கள். தெரியாவிட்டால் ஒரு சொல் கூட்டிவிடுவது நல்லது. ‘அட் த ஹாஸ்பிடல் வித் மை கிராண்ட்மதர்’ என்று எழுதியிருந்தால் என் அக்கா மகனின் மேலாளர் பதறியிருக்க மாட்டார்.

சுயவிவரக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு: நிறுவனத்துக்கு இன் போடும் நம் பழக்கம் வெளிநாட்டு நேர்காணலில் கொஞ்சம் உறுத்தும். வேலை பார்க்கும் நிறுவனம் அட் அல்லது ஃபார், அதற்குள் இருக்கும் பிரிவு இன், இருக்கும் மாடி ஆன், ஊர் இன். கல்லூரிக்கு அட்.

## நான்காவது வழி: எதுவுமே வேண்டாம்

மூன்றில் எது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் பல இடங்களில் விடை ‘ஒன்றும் இல்லை’ என்பதுதான். ஹோம், ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ், அப்ராட் இவற்றுக்குப் போவதைச் சொல்லும்போது முன்னால் எதுவும் வராது. ‘கோ டு ஹோம்’ தவறு, ‘கோ ஹோம்’ போதும். வீட்டில் இருப்பதைச் சொன்னால் மட்டும் ‘அட் ஹோம்’. ‘இன் ஹோம்’ வேண்டாம். ‘என்டர் இன்டு த ரூம்’ என்பதில் ‘இன்டு’ மிகை, நுழைவது என்ற பொருள் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. ‘விசிட் டு மதுரை’ என்று வினையாகச் சொன்னாலும் அதே பிழைதான், ‘விசிட் மதுரை’ என்றால் போதும்.

அரைவ், ரீச் இரண்டும் பொருளில் ஒன்று, நடத்தையில் வேறு. அரைவுக்குத் துணை வேண்டும்: ஊர் என்றால் ‘அரைவ்ட் இன் சென்னை’, நிலையம் என்றால் ‘அரைவ்ட் அட் எழும்பூர்’. ‘டு’ ஒருபோதும் வராது. ரீச் தனியாகவே நிற்கும். ‘ரீச்ட் டு சென்னை’, ‘ரீச்ட் அட் ஸ்டேஷன்’ இரண்டும் பிழை. தமிழில் ‘ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்’ என்று ‘-க்கு’ வருவதால்தான் அந்த ‘டு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இரவு பஸ் ஏறிய பிள்ளைகள் காலையில் அம்மாவுக்கு அனுப்பும் செய்தியில் இதைத்தான் தினமும் பார்க்கிறேன். ‘ரீச்ட் சென்னை’ என்று இரண்டே சொல் அனுப்பினால் இலக்கணமும் சரி, அம்மாவுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.